கழிவுத் தொட்டி: பூஜ்யம்

டிசம்பர் 3

முதல் பக்கத்தில் பெயர் எழுதக் கட்டம் போட்டிருக்கிறது. எழுதினேன். தி. திலகவதி, படகுத்துறைப் பொறுப்பாளர், வெண்மணல்குப்பம். டைரி முதலாளி சந்தானகிருஷ்ணன் சார் கொடுத்தது. ஜனவரி பத்தாம் தேதி 'தூய படகுத்துறை' சான்றிதழுக்கு ஆள் வருகிறார்கள், அதுவரை அன்றாடம் நடப்பதைக் குறித்து வை என்றார். கையெழுத்துப் போடும் பதிவேடு தனியாக இருக்கிறது. இது எனக்கு.

இன்றைக்கு நடந்தது: கரையில் இருக்கும் உறிஞ்சு பம்பு நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் உள்ளே சுழலும் ரப்பர் சக்கரம் நார் நாராகக் கிழிந்திருக்கிறது. யாரோ படகுக் கழிவறையில் டயப்பரைப் போட்டு அமுக்கியிருக்கிறார்கள். சென்னையிலிருந்து சக்கரம் வர வேண்டும்.

பம்பு இல்லாவிட்டால் சின்னப் படகுகளுக்கு ஒன்றுமில்லை. அவை பேட்டரியில் ஓடுபவை, கழிவறை கிடையாது. 'பூஞ்சிறகு'க்குத்தான் சிக்கல். இரண்டு தளம், அறுபது பேர், இரண்டு கழிவறை. கழிவு படகின் அடியில் உள்ள தொட்டியில் சேரும். அதை உறிஞ்சி எடுத்துக் கரைக் குழியில் விட்டு, அங்கிருந்து லாரி கொண்டுபோகும். சந்தானகிருஷ்ணன் சாரிடம் போனில் சொன்னேன்.

"ரெண்டு நாள்ல வந்துரும் திலகா. டென்ஷனாகாதே."

மாலையில் உயிர்காப்பு ஜாக்கெட்டுகளைக் கழுவி வெயில் போகும்வரை காயவைத்தேன். சோப்பு இல்லாமல், வெறும் நல்ல தண்ணீரில். இந்தத் துறையில் சோப்பு கூடாது என்ற விதி நான் வந்த பிறகு போட்டது.

டிசம்பர் 5

சக்கரம் வரவில்லை. தொட்டி முக்கால்.

டிசம்பர் 6

காலையில் தொட்டி நிறைந்துவிட்டது. சாருக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு மூணு நடை இருக்கு சார். கழிவறையைப் பூட்டிட்டு ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டலாமா?"

"ரெண்டு மணி நேரம்னு சொல்லித்தான டிக்கெட் குடுத்திருக்கோம்? குழந்தைங்களோட வர்றவங்க என்ன பண்ணுவாங்க?"

"அப்ப ரத்து பண்ணிடலாம்."

"சீசன்ல ரத்தா? தேசிங்குகிட்ட குடு."

தேசிங்கு என் தம்பி. பூஞ்சிறகை ஓட்டுபவன். எட்டு வருஷமாக உரிமம் வைத்திருக்கிறான், ஒரு புகார் கிடையாது. போனை வாங்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினான். திரும்பி வந்து, "நான் பாத்துக்கறேன்கா. சாயங்காலம் முகத்துவாரம் வரைக்கும் ஒரு சோதனை ஓட்டம் போய்ட்டு வரேன்" என்றான்.

பூஞ்சிறகு முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போகும் படகல்ல. கார்த்திகை அலைக்கு அது தாங்காது.

ஆறு மணிக்குத் திரும்பினான். தொட்டியின் அளவுமானி பூஜ்யம். பதிவேட்டில் எழுத வேண்டியதை எழுதினேன்.

டிசம்பர் 8

ஞாயிறு. கூட்டம். டீசல் ஊற்றும்போது சொட்டாமல் துணி பிடித்துக்கொள்ளும்படி வேலையாட்கள் இரண்டு பேருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. நாலு சொட்டு விழுந்தால் அது ஒரு வீட்டுக் கூடம் அளவுக்குத் தண்ணீரில் பரவும். காட்டினேன். பார்த்தார்கள்.

சான்றிதழுக்கான அறிவிப்புப் பலகை வந்துவிட்டது. 'இந்தத் தண்ணீரில் நாங்கள் எதையும் விடுவதில்லை.' நுழைவாயிலில் மாட்டினோம். சற்றுச் சாய்வாக இருக்கிறது.

டிசம்பர் 11

காலையில் காசியம்மா வந்தாள். ஆற்றின் அக்கரையில் உள்ள இருளர் குடியிருப்பிலிருந்து வருபவள். ஐம்பது வயதிருக்கும். அவளும் இன்னும் பத்துப் பதினோரு பெண்களும் கழுத்தளவு தண்ணீரில் நின்று இறாலையும் மட்டியையும் கையால் துழாவி எடுப்பார்கள். வலையும் கிடையாது, படகும் கிடையாது. எடுத்ததை எங்கள் ஊர் மீன் கடைத்தெருவில் ஓரமாக உட்கார்ந்து விற்பாள்.

ஒரு படி மட்டி வாங்கினேன். இவருக்குப் பிடிக்கும். இவர் என்றால் வீட்டுக்காரர் மாசிலாமணி, டவுன் பஸ் கண்டக்டர். மிளகும் தேங்காயும் போட்டு வறுத்தால் இரண்டு பேர் சாப்பாடு சாப்பிடுவார். எனக்கு மட்டி ஒத்துக்கொள்ளாது.

காசியம்மா கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் 13

இவருக்கு விடிகாலையிலிருந்து வயிற்றுப்போக்கு. பணிமனையில் டீ சரியில்லை என்கிறார். ஓ.ஆர்.எஸ். கலக்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

டிசம்பர் 14

மதியம் போன் வந்தது. இவர் பஸ்ஸிலேயே மயங்கிவிட்டார். அரசு மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏறுகிறது. கண் குழிந்து, உதடு வெடித்து, ஒரே நாளில் பத்து வயது கூடிவிட்டது. அதே வார்டில் எங்கள் ஊர்க்காரர்கள் ஆறு பேர். ஐஸ் கடை தணிகாசலத்தின் மகள் அடுத்த கட்டிலில். ஒன்பது வயது. கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தியிருந்தார்கள்.

துறைக்கு ஒரு நடை போய் வந்தேன். அளவுமானி பூஜ்யம். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மருத்துவமனைக்குத் திரும்பினேன்.

டிசம்பர் 16

இருபத்து மூன்று பேர். சுகாதார ஊழியர் கட்டில் கட்டிலாக வந்து, புதன், வியாழனில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். இருபத்தோரு பேர் மட்டி என்றார்கள்.

இவருக்குப் பரவாயில்லை. கஞ்சி இறங்குகிறது.

டிசம்பர் 17

மீன் கடைத்தெருவில் தகராறு. தணிகாசலம் காசியம்மாவின் அலுமினிய அன்னக்கூடையை எட்டி உதைத்திருக்கிறார். மட்டி தெருவெல்லாம் சிதறி, அதன் மேல் ஆட்டோ ஏறியிருக்கிறது. "குளிக்காம கொள்ளாம அழுக்குக் கையால அள்ளிட்டு வந்து எங்க பிள்ளைங்களுக்குக் குடுக்கறியா?" என்று கேட்டாராம். கூட்டத்தில் யாரும் தடுக்கவில்லையாம். காசியம்மா கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம்.

எனக்குச் சொன்னது பூக்காரம்மா. நான் அப்போது மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றிருந்தேன்.

டிசம்பர் 18

ஆற்றில் மட்டி, இறால் எடுக்கவும் விற்கவும் தடை. தண்டோரா போல ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். தடைக்கு முடிவுத் தேதி இல்லை.

இவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

டிசம்பர் 21

சக்கரம் வந்தது. நானே மாட்டினேன். நாற்பது நிமிட வேலை. பம்பு நன்றாக இழுக்கிறது.

சார் வந்திருந்தார். "பாத்தியா, எல்லாம் சரியாயிடுச்சு. இனிமே அதைப் பத்திப் பேச்சே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, பலகையைப் பார்த்தார். "ஏன் சாஞ்சிருக்கு?"

நேராக்கினேன்.

டிசம்பர் 25

ஐந்து நடை. கழிவறை வாசலில் குப்பைக்கூடை வைத்து, 'டயப்பர் இங்கே' என்று எழுதியிருக்கிறேன். மூன்றாம் தேதிக்கு முன்னாலேயே வைத்திருக்கலாம்.

டிசம்பர் 27

அக்கரையிலிருந்து நாலு பெண்கள் வந்து வேலை கேட்டார்கள். கூட்டுவது, குப்பை பொறுக்குவது, எதுவாக இருந்தாலும். காசியம்மா வரவில்லை. வந்தவர்களில் ஒருத்திக்குக் கழுத்திலிருந்து மார்பு வரை சிவப்பாகத் தடிப்பு. சொறிந்த இடம் புண்ணாகியிருந்தது. அவள் மட்டி சாப்பிட்டதால் வந்தது இல்லை அது.

சாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சார் வேண்டாம் என்றார்.

டிசம்பர் 29

பதினோராம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். 'காசியம்மா கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.' அவள் பேசியது என்ன என்று எழுதவில்லை. இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. இருந்தும் எழுதவில்லை.

மட்டியை அளந்து கொட்டிவிட்டு அவள் கேட்டது இது: "யம்மா, உங்க பெரிய படகு எதாச்சும் வெளிய விடுதா? நேத்து கடல் தண்ணி ஏறும்போது ஆத்துல ஒரு மாதிரி வாடை. கொழகொழன்னு மேல ஒட்டுது. எங்களுக்கெல்லாம் அரிக்குது."

"நம்ம படகா? சேச்சே. பலகையைப் பாக்கலையா?" என்றேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

அவள் நேற்று என்றாள். ஆறாம் தேதி நடந்ததைத்தான் நாள் குழம்பிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். டிசம்பர் 6, தேசிங்கு முகத்துவாரத்துக்குள்ளேயே அடி வால்வைத் திறந்து தொட்டியைக் காலி செய்தான். சார் சொல்லிச் செய்தான். 'கழிவு இறக்கிய இடம்' என்ற கட்டத்தில் நான் 'கரை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டிசம்பர் 14, அதே. தண்ணீர் வற்றும்போது திறந்தால் கடலுக்குப் போய்விடும் என்று அவன் கணக்கு. ஆறு மணி நேரத்தில் அதே தண்ணீர் திரும்பி ஏறி உள்ளே வரும். மட்டி இருக்கிற இடத்தில் இருந்துகொண்டு, வருகிற தண்ணீரையெல்லாம் உறிஞ்சி வடிகட்டும். இதைச் சின்னப் படகில் வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நானே படம் போட்டு விளக்கியிருக்கிறேன்.

இவர் மருத்துவமனையில் கிடந்தபோது எனக்குத் தெரியும். தணிகாசலத்தின் மகளுக்கு மூன்றாவது முறை ஊசி குத்தியபோதும் தெரியும்.

ஜனவரி 2

தேசிங்கு வீட்டுக்குப் போனேன். வாசலில் வைத்தே சொன்னேன்.

"பதிவேட்டை எடுத்துட்டுப் போய் மாவட்ட அலுவலகத்துல குடுக்கப்போறேன்."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தான்.

"உனக்குப் பைத்தியமாக்கா? பம்பு சரியாயிடுச்சு. மாமா எழுந்து நடமாடறாரு. ஒருத்தரும் சாகலை. முடிஞ்சுபோச்சு."

"காசியம்மாவுக்கு முடியலையே."

"அவங்களுக்கு வேற வேலை பாத்துக் குடு. நான்கூடச் சொல்றேன் நாலு இடத்துல. உரிமத்தைப் புடுங்கிட்டா எனக்கு என்னா தெரியும்? ஸ்டீரிங்கைத் தவிர என்னா தெரியும் எனக்கு?"

"என் பேரைச் சொல்லாதேன்னு நீ சொன்னா, நான் மட்டும்தான்னு எழுதிக் குடுக்கறேன்."

"படகை நீயா ஓட்டினே?" என்று கத்தினான். பிறகு தாழ்ந்த குரலில், "போ. உனக்கு எது பெருசோ அதைச் செய்" என்றான். உள்ளே அவன் மகள்கள் இரண்டு பேரும் சண்டை போடுவது கேட்டது. கதவைத் திறந்து உள்ளே போய்விட்டான்.

ஜனவரி 3

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்கு ஓ.ஆர்.எஸ். கலக்கிக் குடுத்தியே. அப்பவே தெரியுமா?"

"பதினாலாம் தேதி வார்டுல தெரிஞ்சுது."

"அன்னிக்குச் சாயங்காலம் வேலைக்குப் போனே இல்ல?"

"போனேன்."

சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

ஜனவரி 6

மாவட்ட அலுவலகத்துக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அதிகாரி பெயர் நஸ்ரின் பானு, என்னைவிடச் சின்னவர். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது உங்க கையெழுத்துதானே? நீங்களே கொண்டாந்து குடுத்தாலும் உங்க மேலயும் நடவடிக்கை வரும்மா" என்றார்.

"தெரியும்."

"முதலாளி சொன்னாருங்கறதுக்கு ஆதாரம் இருக்கா?"

"போன்ல பேசினது. வேற இல்லை."

எழுதிக் கொடுத்தேன். மூன்று பக்கம். படகை ஓட்டியவர் பெயர் என்ற இடத்தில் வெகுநேரம் பேனா நின்றது. எழுதினேன்.

ஜனவரி 8

பூஞ்சிறகின் வால்வுக்கு அரக்கு முத்திரை. படகை ஓட்டத் தடை. தேசிங்கின் உரிமம் ஆறு மாதம் நிறுத்தம். சாருக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ். சான்றிதழ் ஆய்வு ரத்து. எனக்கு வேலை போனது. சார் கோபப்படவில்லை. "உன்னை நம்பித்தானே திலகா விட்டேன்" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை.

சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். எண்ணெய் உறிஞ்சும் துணி இன்னும் இரண்டு கட்டுதான் இருக்கிறது, வாங்க வேண்டும் என்று அடுத்தவருக்குக் குறிப்பு எழுதி வைத்தேன்.

ஜனவரி 10

அக்கரைக்கு நடந்தே போனேன். பாலம் சுற்றி மூன்று கிலோமீட்டர். காசியம்மா குடிசைக்கு வெளியே விறகு உடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாம் சொன்னேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

அவள் விறகு உடைப்பதை நிறுத்தவில்லை. முடித்த பிறகு, "ஆபீசுல சொல்லிட்டே. இப்ப எங்கிட்ட சொல்றே. எனக்குத்தான் அப்பவே தெரியுமே" என்றாள். "என் கூடையை உதைச்சது ஆபீசுலயா?"

"இல்ல."

"எங்க உதைச்சாங்களோ அங்க வந்து சொல்லு."

ஜனவரி 12

ஞாயிறு, கடைத்தெரு நிறைந்திருக்கும் நேரம். காலை எட்டரை. காசியம்மா வெறுங்கையோடு வந்து அவள் வழக்கமாக உட்காரும் இடத்துக்கு எதிரே நின்றாள். கூட அவள் ஆட்கள் மூன்று பேர்.

என்னால் சத்தமாகப் பேச முடியும். காற்றில் படகுக்குப் படகு கத்திப் பழக்கம். ஆனால் முதல் வாக்கியம் எனக்கே கேட்கவில்லை. மீன் வெட்டிக்கொண்டிருந்த கமலவேணி கத்தியை வைத்துவிட்டு, "என்னாக்கா சொல்றே?" என்றாள். திரும்பச் சொன்னேன்.

"மட்டியில ஒண்ணும் தப்பில்லை. இவங்க கையில ஒண்ணும் அழுக்கில்லை. எங்க படகுக் கழிவை ஆத்துல விட்டோம். இல்லைன்னு நான் பொய் எழுதினேன். அதுலதான் எல்லாருக்கும் உடம்புக்கு வந்துது. டிசம்பர்ல ரெண்டு தடவை, ஆறாம் தேதியும் பதினாலாம் தேதியும்."

"நாலு தடவை."

பின்னாலிருந்து குரல். தேசிங்கு. மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றான். என்னைப் பார்க்காமல் கடைத்தெருவைப் பார்த்துச் சொன்னான்.

"பத்தாம் தேதியும் பதினெட்டாம் தேதியும் திறந்தேன். அக்காவுக்குத் தெரியாது. பாதித் தொட்டிதான் விட்டேன். பூஜ்யமாக் காட்டினா அது எழுத வேண்டியிருக்கும்னு."

அப்படியானால் பதினோராம் தேதி காசியம்மா நேற்று என்று சொன்னது சரி. அவளுக்கு நாள் குழம்பவில்லை. பதினெட்டாம் தேதி, வார்டு நிறைந்த பிறகும் அவன் திறந்திருக்கிறான். என் கை தானாகப் போய் அவன் முழங்கையைப் பிடித்தது. தட்டிவிடவில்லை.

தணிகாசலம் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். தேசிங்கும் நினைத்தான் போலிருக்கிறது, முகத்தைத் திருப்பவில்லை. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என் பொண்ணு இன்னமும் தண்ணி குடிக்கப் பயப்படறா" என்றார். அவ்வளவுதான்.

பிறகு அவர் காசியம்மா உட்காரும் இடத்தில் இருந்த தன் காலிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். இடம் ஆனதும், "உட்காருங்க" என்றார்.

காசியம்மா உட்காரவில்லை. "இப்ப எதை வெச்சு உட்கார்றது? தண்ணி சுத்தமாகட்டும். அப்ப வரேன். கெட்டதைக் கொண்டாந்து வித்தா அப்ப உதைங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

தேசிங்கு நாளைக் காலை முதல் பஸ்ஸில் மாவட்ட அலுவலகத்துக்குப் போகிறான், மற்ற இரண்டு தேதிகளை எழுதிக் கொடுக்க.

ஜனவரி 13

அந்த இரண்டு தேதிக்கும் சேர்த்து தேசிங்கின் உரிமம் ஒரு வருஷத்துக்கு நிறுத்தம். போனில் சொன்னான். பிறகு, "சாப்டியாக்கா?" என்று கேட்டான்.

பிப்ரவரி 9

கூட்டுறவு ரேஷன் கடையில் எடை போடும் வேலை கிடைத்திருக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம். இவர் பஸ் நேரத்தை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தார். கேட்கவில்லை, அவராக.

பிப்ரவரி 27

தண்ணீரும் மட்டியும் மூன்றாம் முறை சோதித்தார்கள். சரியாக இருக்கிறது. தடை நீங்கியது. மறுபடி ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். இந்த முறை சத்தம் குறைவு.

மார்ச் 3

அக்கரையில் யாரும் இறங்கவில்லை. காசியம்மா இன்னும் போதாது என்கிறாளாம். தினமும் காலையில் முழங்கால் அளவுக்கு இறங்கி நின்று பார்த்துவிட்டு ஏறிவிடுகிறாளாம். நஸ்ரின் பானுவே நேரில் வந்து சோதனைத் தாளைக் காட்டினாராம். "அது உங்க தாள்" என்றாளாம்.

மார்ச் 11

காலை ஏழே காலுக்குப் பாலத்தில் பஸ் நின்றது. முன்னால் லாரி பழுது. ஜன்னல் வழியே பார்த்தேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தலைகள் தெரிந்தன, பதினொன்று. இழுத்துக் கட்டிய கொண்டைகள், வாயில் கவ்விய பைகள். நடுவில் காசியம்மா.

பூஞ்சிறகு துறையிலிருந்து கிளம்பி வந்தது. பிப்ரவரி கடைசியில் மறுபடி ஓட்ட அனுமதித்துவிட்டார்கள். மேல்தளத்தில் ஆட்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்கு ஐம்பது அடி இருக்கும்போது இயந்திரச் சத்தம் நின்றது. படகு வந்த வேகத்திலேயே மெதுவாக, அலை எழுப்பாமல், ஒதுங்கிப் போயிற்று. அவர்கள் தலை தூக்கவில்லை. துழாவிக்கொண்டிருந்தார்கள். படகு முழுவதும் தாண்டிய பிறகுதான் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

தேசிங்குக்குப் பதிலாக ஓட்டியவர் யாரென்று இங்கிருந்து தெரியவில்லை. லாரியைத் தள்ளி ஓரம் கட்டினார்கள். பஸ் கிளம்பியது.